ஜோர்ஜியோ மொரோடர்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

பழைய டிஸ்கோ பாட்டு எதையாவது நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினால் முதல் நிமிடம் தலை ஆடும், இரண்டாவது நிமிடம் கேள்வி வரும். மொரோடர் விஷயத்தில் இத்தனை வருடமாக எனக்கு வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். முதலில் எளியவை, போகப் போகச் சிக்கலானவை.

யாருங்க இந்த மொரோடர்? சுருக்கமா சொல்லுங்க.

இத்தாலியில் பிறந்து, ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் பேர் வாங்கி, அப்புறம் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய் ஹாலிவுட் படங்களுக்கு இசை போட்டவர். 1970களில் டோனா சம்மர் என்ற பாடகியோடு அவர் செய்த பாட்டுகளிலிருந்துதான் இன்றைக்கு கிளப்புகளில் ஓடும் எலக்ட்ரானிக் நடன இசையின் பெரும்பகுதி கிளைத்தது. மூன்று ஆஸ்கர் வாங்கியிருக்கிறார். ‘டாப் கன்’ படத்தின் காதல் பாட்டு, ‘ஃபிளாஷ்டான்ஸ்’ படத்தின் பாட்டு, இந்த இரண்டில் ஒன்றாவது உங்கள் காதில் விழுந்திருக்கும். போட்டவர் பெயர்தான் தெரிந்திருக்காது.

ப்ரொட்யூசர்னு சொல்றீங்களே, பணம் போட்டவரா?

நம் ஊரில் தயாரிப்பாளர் என்றதும் படத்துக்குப் பணம் போடுகிறவர் முகம்தான் நினைவுக்கு வரும். அதனால் இந்தக் கேள்வியை நான் கேட்காத நாளே இல்லை. மேல்நாட்டு இசைத்தட்டு உலகத்தில் ப்ரொட்யூசர் என்பவர் ஒரு பாட்டு எப்படி ஒலிக்கிறது என்பதற்குப் பொறுப்பாளி. யார் பாடுவது, என்ன வேகம், எந்தக் கருவி, பலமுறை பாடியதில் எந்தப் பதிவை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது, எப்போது ‘போதும்’ என்று எழுந்திருப்பது, எல்லாம் அவர் முடிவு. நம் சினிமாவில் இசையமைப்பாளர் தலையில் விழும் வேலையில் பெரும்பங்கு அங்கே ப்ரொட்யூசருடையது.

மொரோடர் மெட்டும் போடுவார், இந்த வேலையையும் செய்வார். இரண்டையும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள், கடைசிக் கேள்வி வரைக்கும் உதவும்.

பேரு இத்தாலியப் பேரா இருக்கு, ஆனா ஜெர்மன்காரர்னு சொல்றாங்களே?

1940 ஏப்ரல் 26 அன்று இத்தாலியின் வடக்கு ஓரத்தில் தெற்கு டிரோல் பகுதியில் பிறந்தார். ஊர் பெயர் ஒர்த்திசேய். ஆல்ப்ஸ் மலையின் டோலமைட் பகுதியில், மரச்சிற்ப வேலைக்குப் பேர்போன பள்ளத்தாக்கு அது. முதல் உலகப் போர் முடிகிறவரை ஆஸ்திரியாவின் கையில் இருந்த இடம். அதனால் அங்கே இத்தாலியனும் ஜெர்மனும் பேசுவார்கள், இரண்டுக்கும் மேலே லதின் என்ற சின்ன மொழி ஒன்றும் உண்டு. மொரோடர் வளர்ந்தது இந்த மூன்றுக்கும் நடுவில். எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற கேள்வி அவருக்குப் பெரிதாகத் தோன்றியிருக்க வாய்ப்பில்லை என்று நினைக்கிறேன். பிற்பாடு ஆங்கிலப் பாட்டை, ஜெர்மனியில் வைத்து, அமெரிக்கப் பாடகியைக் கொண்டு செய்தவர் அவர்.

டிஸ்கோவைக் கண்டுபிடிச்சதே இவர்தானாமே?

இல்லை. டிஸ்கோ அமெரிக்காவில், குறிப்பாக நியூயார்க்கின் நடன அரங்குகளில், கறுப்பின மக்களும் லத்தீன் மக்களும் ஓரினச் சேர்க்கையாளர்களும் கூடி ஆடிய இடங்களில் வளர்ந்தது. ஃபிலடெல்ஃபியா ஸ்டூடியோக்களின் வயலின் நிறைந்த சோல் என்ற கறுப்பின மக்களின் இசைக்கு அதில் பெரிய பங்கு. லண்டனில் பெங்களூருக்காரரான பித்து தயாரித்த ‘குங்ஃபூ ஃபைட்டிங்’ 1974இலேயே உலகம் சுற்றிவிட்டது. மியூனிக்கிலேயே சில்வர் கன்வென்ஷன் என்ற குழு 1975இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது.

மொரோடர் செய்தது வேறு. டிஸ்கோவில் இருந்த வயலின், ட்ரம்பெட், கிட்டார் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு இயந்திரத்தை உட்கார வைத்தார். அந்த மாற்றத்துக்குச் சொந்தக்காரர் அவர்தான். அதுவும் தனி ஆளாக இல்லை, அதைக் கீழே சொல்கிறேன்.

டிஸ்கோவுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தார்?

கிட்டார் வாசித்துக்கொண்டு ஐரோப்பாவில் ஊர் ஊராகப் போனார். ஹோட்டல்களிலும் இரவு விடுதிகளிலும் அன்றைய ஹிட் பாட்டுகளை வாசிக்கும் குழுக்களில் பல வருடம். 1960களில் கொஞ்ச காலம் பெர்லினில் இருந்து பாட்டு எழுதிப் பார்த்தார், பிறகு மியூனிக்கில் குடியேறினார். 1969இல் ‘லூக்கி லூக்கி’ என்ற துள்ளல் பாட்டு அவர் குரலிலேயே ஐரோப்பாவில் ஓடியது. மிட்டாய் மாதிரியான பாட்டு. ரசிக்கலாம், பெரிதாக ஒன்றுமில்லை.

திருப்பம் மூக் சிந்தசைசர் என்ற, மின்சாரத்தால் ஒலியை உருவாக்கும் கருவியில் வந்தது. மியூனிக்கில் எபர்ஹார்ட் ஷோனர் என்ற இசையமைப்பாளரிடம் அலமாரி அளவுக்கு ஒரு மூக் இருந்தது. அதைக் கேட்டு வாங்கிப் பயன்படுத்தினார் மொரோடர். அப்போது உருவான பாட்டுகளில் ஒன்று ‘சன் ஆஃப் மை ஃபாதர்’. சிக்கரி டிப் என்ற ஆங்கிலேயக் குழு அதைப் பாட, 1972 பிப்ரவரியில் பிரிட்டனில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. சிந்தசைசர் தூக்கலாக ஒலித்த முதல் பிரிட்டிஷ் நம்பர் ஒன் என்று அதைச் சொல்வார்கள்.

டோனா சம்மர் அவருக்கு எப்படிக் கிடைச்சாங்க?

பாஸ்டனில் பிறந்த லடோனா கெய்ன்ஸ், தேவாலயத்தில் பாடிப் பழகிய பெண். ‘ஹேர்’ என்ற இசை நாடகத்தின் ஜெர்மன் மேடையேற்றத்தில் நடிக்க 1968இல் மியூனிக் வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். ஆஸ்திரிய நடிகர் ஹெல்முட் சோமரை மணந்தார், அந்தக் குடும்பப் பெயர்தான் பிறகு சம்மர் ஆனது. ஸ்டூடியோக்களில் பின்னணிக் குரல் பாடிக்கொண்டிருந்தபோது மொரோடரும் அவருடைய கூட்டாளி பீட் பெல்லோட்டும் கவனித்தார்கள். பெல்லோட் ஆங்கிலேயர். வரிகள் பெரும்பாலும் அவருடையவை, தயாரிப்பிலும் சரிபாதி. இந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு நீண்ட நாள் வருத்தம்.

மூவரும் சேர்ந்து செய்த ‘தி ஹோஸ்டேஜ்’ 1974இல் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் நன்றாக ஓடியது. அமெரிக்காவுக்கு அவர்களை இன்னும் தெரியாது.

ஒரு பாட்டு 17 நிமிஷமா? எதுக்கு?

‘லவ் டு லவ் யூ பேபி’யைக் கேட்கிறீர்கள். 1975இல் வந்தது. முதலில் சாதாரண நீளத்தில்தான் இருந்தது. அமெரிக்காவில் காசாபிளாங்கா இசைத்தட்டு நிறுவனத்தை நடத்திய நீல் போகார்ட் ஒரு விருந்தில் அதைப் போட்டாராம். ஆடியவர்கள் மறுபடி போடு, மறுபடி போடு என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். உடனே மொரோடரிடம் இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க வருகிற மாதிரி நீட்டித் தரச் சொன்னார். கிட்டத்தட்ட 17 நிமிடம் வந்தது.

முனகலும் மூச்சும் நிறைந்த பாட்டு, பிபிசி ஒலிபரப்ப மறுத்தது. ஆனாலும் அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது. சர்ச்சையைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டால் அதன் அமைப்பு தெரியும். தாளம் நிற்காது. அதன் மேல் ஒவ்வொரு வாத்தியமாக ஏறும், இறங்கும், திரும்ப ஏறும். மூன்று நிமிடத்தில் சொல்லி முடிக்கிற பாட்டு வானொலிக்கு. ஆடுகிறவர்களுக்கு முடியாத பாட்டு வேண்டும். அதைப் புரிந்துகொண்ட முதல் சிலரில் இவர்கள் உண்டு.

‘ஐ ஃபீல் லவ்’ கேட்டேன். ஒரே டுகுடுகுடுகுதான் வருது. இதுல என்ன அதிசயம்?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத ஆரம்பித்தேன்.

1977இல் ‘ஐ ரிமெம்பர் யெஸ்டர்டே’ என்ற தொகுப்புக்கு ஒரு திட்டம் போட்டார்கள். ஒவ்வொரு பாட்டும் ஒவ்வொரு காலத்தின் சாயலில் இருக்க வேண்டும், கடைசிப் பாட்டு எதிர்காலத்தின் சாயலில். எதிர்காலம் என்றால் இயந்திரம்தான் என்று மொரோடர் தீர்மானித்தார். மறுபடியும் ஷோனரின் மூக் வந்தது. அதை இயக்கத் தெரிந்தவர் ஷோனரின் உதவியாளர் ராபி வீடல். சீக்வென்சர் என்ற பகுதி சில சுரங்களை நினைவில் வைத்துக்கொண்டு சொன்ன வேகத்தில் திரும்பத் திரும்ப வாசிக்கும். ஆனால் டேப்பில் ஒரு சுற்று பதிவு செய்துவிட்டு அடுத்த சுற்றை அதன் மேல் வைக்கும்போது இரண்டும் மயிரிழை விலகினால் எல்லாம் குலைந்துவிடும். டேப்பின் ஒரு தடத்தில் இயந்திரத்துக்கான துடிப்பை மட்டும் பதிந்துவைத்து, அடுத்தடுத்த சுற்றுகளை அந்தத் துடிப்போடு பூட்டுகிற வழியைக் காட்டியவர் வீடல்தான். மொரோடரே இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். இன்னொரு தொல்லை, அந்தக் கால மூக் கருவியில் சுருதி நிற்காது. சூடேறினால் விலகும். கொஞ்சம் பதிவு செய்வது, நிறுத்துவது, சுருதி சேர்ப்பது, மறுபடி தொடர்வது. சொட்டுச் சொட்டாகத்தான் அந்தப் பாட்டு சேர்ந்தது.

இப்போது உங்கள் டுகுடுகுவுக்கு வருகிறேன். இயந்திரம் வாசித்தது அதில் பாதிதான். ஒவ்வொரு சுரத்துக்கும் பின்னாலேயே அதன் எதிரொலியை நுழைத்து, மூலத்தை ஒரு பக்கமும் எதிரொலியை மறுபக்கமும் வைத்தார்கள். ஹெட்ஃபோனில் ஒரு காதை மட்டும் கழற்றிப் பாருங்கள், ஓட்டம் பாதியாகிவிடும். இரண்டையும் போட்டால் தண்டவாளத்தில் ரயில் ஓடுகிற மாதிரி இடைவெளியே இல்லாமல் உருளும். அதன் மேல் டோனா சம்மரின் குரல். முந்தைய பாட்டுகளில் தேவாலயப் பாடகியாக அடிவயிற்றிலிருந்து பாடியவர், இங்கே மெல்லிய தலைக்குரலில், நாலே வரியை இழுத்து இழுத்து மிதக்கவிடுகிறார். கீழே எல்லாம் வேகம், மேலே எல்லாம் நிதானம். இந்த இரண்டும் ஒரே பாட்டில் இருப்பதுதான் எனக்கு இன்றைக்கும் அதிசயம். பிரிட்டனில் நான்கு வாரம் முதலிடம். அமெரிக்காவில் முதலில் இதை ஒரு மெல்லிசைப் பாட்டின் பின்பக்கத்தில்தான் போட்டார்கள், பின்பக்கமே ஜெயித்து ஆறாம் இடம் வரை போனது.

அப்போ அந்தப் பாட்டுல மனுஷன் வாசிச்சதே இல்லையா?

ஒரு கால் இருக்கிறது. மூக் கருவியிலிருந்து நல்ல பேஸ் டிரம் சத்தத்தை வரவழைக்க முடியவில்லை. அதனால் டிரம்மர் கீத் ஃபோர்சி உட்கார்ந்து அந்த ‘தும் தும் தும் தும்’மைப் பாட்டு முழுக்கக் காலால் மிதித்தார். டிரம்மரை வெறும் பேஸ் டிரம்மோடு உட்கார வைத்தால் எவ்வளவு சலிப்பாக இருந்திருக்கும் என்று யோசியுங்கள். இயந்திரத்தோடு விலகாமல் மிதித்தார். ஹை-ஹேட் என்ற ஜோடித் தாளத்தட்டு மாதிரி கேட்கும் ‘ட்ஸ் ட்ஸ்’ சத்தம் மூக் கருவியின் இரைச்சலை வெட்டிச் செய்தது. கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது.

அதே வருடம் மொரோடர் தன் பெயரில் ‘ஃப்ரம் ஹியர் டு எடர்னிட்டி’ என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார். அதன் உறையில், இதில் எலக்ட்ரானிக் கீபோர்டுகள் மட்டுமே பயன்பட்டன என்று பெருமையாக அச்சிட்டிருந்தார்கள்.

கிராஃப்ட்வெர்க் அதுக்கு முன்னாடியே இதெல்லாம் பண்ணிட்டாங்களே?

அந்த ஜெர்மன் எலக்ட்ரானிக் குழு பண்ணியதுதான். 1974இல் ‘ஆட்டோபான்’, 1977 தொடக்கத்தில் ‘டிரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்’. அவர்களுக்கும் முன்னால், 1968இலேயே வெண்டி கார்லோஸ் மூக் கருவியில் செவ்வியல் இசைமேதை பாக்கின் இசையை வாசித்துக் காட்டிவிட்டார். எலக்ட்ரானிக் இசைக்கு மொரோடரைத் தந்தை என்று சொல்வது தவறு.

ஆனால் டுசெல்டார்ஃபின் கிராஃப்ட்வெர்க்கையும் மியூனிக்கின் மொரோடரையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். கிராஃப்ட்வெர்க் தங்களையே இயந்திரங்களாகக் காட்டிக்கொண்டார்கள், குரலும் அதற்கேற்பக் குளிர்ச்சி. மொரோடர் இயந்திரத்தின் மேல் ஒரு பெண்ணின் ஆசையை வைத்தார். வியர்த்து ஆடுகிற கூட்டத்துக்கு அதைக் கொடுத்தார். பின்னால் வந்த ஹவுஸ், டெக்னோ என்ற நடன இசை வகைகளின் ஆட்களுக்கு இரண்டு வீடுகளும் தேவைப்பட்டன. எந்த வீடு பெரியது என்ற சண்டையில் நான் கலந்துகொள்வதில்லை.

பிரையன் ஈனோ ஓடிவந்து ‘எதிர்காலத்தைக் கேட்டுட்டேன்’னு சொன்னாராமே, நிஜமா?

ஆங்கிலேய ராக் பாடகர் டேவிட் போவி பின்னாளில் சொன்ன கதை. ஈனோ அவரோடு வேலை செய்த இசைக்கலைஞர். பெர்லினில் இருவரும் வேலை செய்துகொண்டிருந்தபோது ஈனோ ‘ஐ ஃபீல் லவ்’ தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, அடுத்த பதினைந்து வருடத்துக்கு கிளப் இசை இப்படித்தான் இருக்கும் என்கிற பொருளில் சொன்னாராம். பதினைந்து வருடம் என்று அவர் குறைத்துச் சொல்லிவிட்டார். சான் ஃபிரான்சிஸ்கோவின் பேட்ரிக் கவ்லி அடுத்த வருடமே இதைப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நீட்டி ஒரு ரீமிக்ஸ் செய்தார், டிஜேக்கள் அதை இன்றும் போடுகிறார்கள்.

மியூசிக்லேண்ட்னு ஒரு ஸ்டூடியோ வெச்சிருந்தாராமே?

மியூனிக்கின் போகன்ஹவுசன் பகுதியில் ஆரபெல்லா என்ற உயர்ந்த கட்டடத்தின் நிலவறையில் இருந்தது. 1970களின் தொடக்கத்தில் தொடங்கினார். டிஸ்கோவுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். ரோலிங் ஸ்டோன்ஸ், டீப் பர்ப்பிள், எலக்ட்ரிக் லைட் ஆர்கெஸ்ட்ரா எல்லாரும் வந்தார்கள். லெட் செப்பலின் 1975இல் ‘பிரசென்ஸ்’ தொகுப்பை இங்கே மூன்று வாரத்துக்குள் முடித்தார்கள். அடுத்து ஸ்டூடியோ ஸ்டோன்ஸின் முறை, அதனால் அவர்களிடம் கேட்டு இரண்டு மூன்று நாளைக் கடன் வாங்க வேண்டியிருந்தது. குயீன் குழுவின் ‘தி கேம்’ இங்கே உருவானது, பொறியாளர் ராய்ன்ஹோல்ட் மாக். பிற்பாடு கட்டடத்துக்குக் கீழே சுரங்க ரயில் வந்து, அதிர்வு தொல்லையாகி, 1990களின் தொடக்கத்தில் மூடிவிட்டார்கள்.

சினிமாவுக்கு எப்படிப் போனார்?

‘ஐ ஃபீல் லவ்’ தான் கூட்டிக்கொண்டு போனது. இயக்குநர் ஆலன் பார்க்கர் 1978இல் ‘மிட்நைட் எக்ஸ்பிரஸ்’ எடுத்தார். துருக்கியில் போதைப்பொருளோடு பிடிபட்டுச் சிறையில் கிடக்கும் ஓர் அமெரிக்க இளைஞனின் கதை. தப்பி ஓடுகிற காட்சிக்கு அந்தப் பாட்டின் ஓட்டம் மாதிரி ஒன்று வேண்டும் என்று கேட்டார். ‘சேஸ்’ பிறந்தது. துரத்துகிறவர்களின் கால், ஓடுகிறவனின் இதயம், இரண்டுமே அந்த சீக்வென்சரில் கேட்கும். மொரோடருக்குப் படத்துக்கு இசையமைத்த பழக்கம் அப்போது பெரிதாக இல்லை.

அடுத்த வருட ஆஸ்கர் மேடையில் அவரோடு போட்டியில் இருந்தவர்களைப் பாருங்கள். ‘சூப்பர்மேன்’ படத்துக்கு ஜான் வில்லியம்ஸ், ‘டேஸ் ஆஃப் ஹெவன்’ படத்துக்கு என்யோ மொரிக்கோனே, ஜெர்ரி கோல்ட்ஸ்மித், டேவ் குரூசின். இவர்களைத் தாண்டி விருது ஒரு சிந்தசைசர் இசைக்குப் போனது. ஆர்கெஸ்ட்ரா இல்லாமல் ஒரு படத்தைத் தாங்க முடியும் என்று ஹாலிவுட் ஒப்புக்கொண்ட நாள் அது. 1982இல் இன்னொரு சிந்தசைசர் இசையமைப்பாளர் வாங்கெலிஸுக்கு ஆஸ்கர் கிடைத்தபோது யாருக்கும் அவ்வளவு அதிர்ச்சி இல்லை.

மொத்தம் எத்தனை ஆஸ்கர்? எதுக்கெல்லாம்?

மூன்று. முதலாவது மேலே சொன்னது. இரண்டாவது 1983இல் வந்த ‘ஃபிளாஷ்டான்ஸ்’ படத்தின் முகப்புப் பாட்டு. பாடியவர் ஐரீன் காரா, வரிகளை அவரும் கீத் ஃபோர்சியும் எழுதினார்கள். ஆம், பேஸ் டிரம் மிதித்த அதே ஃபோர்சி. ஐரீன் காராவுக்கு முதலில் தயக்கம், மொரோடரோடு சேர்ந்தால் டோனா சம்மரோடு ஒப்பிடுவார்கள் என்று. மூன்றாவது 1986இன் ‘டாப் கன்’ பாட்டு ‘டேக் மை பிரெத் அவே’, பெர்லின் என்ற அமெரிக்கக் குழு பாடியது, வரிகள் டாம் விட்லாக்.

ஆஸ்கர் வாங்காத ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1980இன் ‘அமெரிக்கன் ஜிகோலோ’ படத்துக்கு பிளாண்டி குழு பாடிய ‘கால் மீ’. முதலில் பாடகி ஸ்டீவி நிக்ஸைக் கேட்டுப் பார்த்து, அது கூடிவராமல், பிளாண்டியின் பாடகி டெபி ஹாரியிடம் வந்தது. மெட்டு மொரோடருடையது, வரிகளை ஹாரி எழுதினார். அமெரிக்காவில் ஆறு வாரம் முதலிடம், அந்த வருடத்தின் மிகப் பெரிய ஹிட்டும் அதுவே. அதில் மின்கிட்டார் உறுமுகிறது. மெஷின் ஆள் என்று முத்திரை குத்துகிறவர்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது இதைத்தான்.

‘டாப் கன்’ இசை முழுக்க அவரா? ‘ஆக்சல் எஃப்’பும் அவர்தானே?

இரண்டுமே இல்லை. ‘டாப் கன்’ படத்தின் பின்னணி இசையும் அந்தக் கிட்டார் முகப்பிசையும் ஹரால்ட் ஃபால்டர்மேயருடையவை. மொரோடர் கொடுத்தது பாட்டுகள். காதல் பாட்டும், கென்னி லாகின்ஸ் பாடிய ‘டேஞ்சர் ஸோன்’ பாட்டும் அவற்றில் முக்கியமானவை. ‘பெவர்லி ஹில்ஸ் காப்’ படத்தின் ‘ஆக்சல் எஃப்’பும் ஃபால்டர்மேயர்தான். குழப்பம் வருவதற்குக் காரணம் உண்டு. ஃபால்டர்மேயர் மியூனிக்காரர், ‘மிட்நைட் எக்ஸ்பிரஸ்’ காலத்திலிருந்து மொரோடரின் கூடவே வேலை செய்தவர். அவர் கையில் அந்தப் பள்ளியின் வாசனை இருக்கும்.

இதே வகையில் இன்னும் இரண்டு. ‘ஃபிளாஷ்டான்ஸ்’ படத்தின் ‘மேனியாக்’ மைக்கேல் செம்பெல்லோவுடையது. டோனா சம்மரின் ‘ஹாட் ஸ்டஃப்’ மொரோடர் தயாரித்தது, ஆனால் எழுதியவர்கள் பெல்லோட், ஃபால்டர்மேயர், ஃபோர்சி மூவரும்.

‘ஸ்கார்ஃபேஸ்’ இசையை ஏன் ஆளாளுக்குத் திட்டுறாங்க?

படம் 1983இல் வந்தபோதே விமர்சகர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. அந்த சிந்தசைசர் பாட்டுகள் மலிவாக இருக்கின்றன என்று இன்றும் சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கியூபாவிலிருந்து வந்த அகதி கொக்கைன் பணத்தில் மியாமியில் தங்கக் கோட்டை கட்டுகிற கதை. பளபளப்பு அதிகமாக, ரசனை குறைவாக இருக்க வேண்டிய உலகம் அது. முகப்பிசையில் அந்தக் கனத்த சுரங்கள் இறங்குவதைக் கேட்டால் முடிவு என்னவென்று முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். 2001இல் வந்த ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 3’ விளையாட்டில் ஒரு வானொலி நிலையம் முழுக்க இந்தப் படத்தின் பாட்டுகள்தான். ஒரு தலைமுறை அதை அப்படித்தான் கற்றுக்கொண்டது.

‘மெட்ரோபோலிஸ்’ படத்தைக் கெடுத்தவர்னு ஒருத்தர் சொன்னார். சரியா?

ஃபிரிட்ஸ் லாங்கின் 1927ஆம் வருட மௌனப் படம். வெளியான கொஞ்ச நாளிலேயே வெட்டப்பட்டு, துண்டுகள் பல நாடுகளில் சிதறிப் போயின. மொரோடர் உரிமையை வாங்கி, கிடைத்த துண்டுகளைச் சேர்த்து, காட்சிகளுக்கு வண்ணச் சாயம் ஏற்றி, இடையில் வரும் எழுத்து அட்டைகளை எடுத்துவிட்டு அடியில் வசனமாகப் போட்டு, 1984இல் வெளியிட்டார். கூடவே ஃப்ரெடி மெர்க்குரி, பேட் பெனடார், போனி டைலர், ஆடம் ஆன்ட் பாடிய ராக் பாட்டுகள். திரைப்பட அறிஞர்கள் கொதித்தார்கள். மோசமான இசைக்கான கேலி விருதுப் பட்டியலில்கூடப் பெயர் வந்தது.

என் கருத்து இரண்டாகப் பிரிகிறது. பாட்டுகள் பல இடத்தில் படத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்தப் படத்தைத் தேடிச் சேர்க்கத் தன் நேரத்தையும் பணத்தையும் போட்டார், மௌனப் படமே பார்த்திராத இளைஞர்களைத் திரையரங்குக்கு இழுத்தார். 2008இல் புவெனஸ் ஐரிஸில் ஏறக்குறைய முழுப் பிரதி கிடைத்த பிறகு சரியான வடிவம் வந்துவிட்டது. இப்போது இரண்டையும் பார்க்கலாம், யாருக்கும் நஷ்டமில்லை.

கார் கம்பெனி நடத்தினாராமே?

நடத்தினார் என்பதைவிடக் கூட்டாளியாக இருந்தார் எனலாம். கிளாடியோ ஸம்போலி என்ற பொறியாளரோடு சேர்ந்து 16 சிலிண்டர் எஞ்சினோடு சிசெட்டா-மொரோடர் என்ற காரை 1980களின் கடைசியில் காட்டினார்கள், வடிவம் மார்செல்லோ கந்தினி. இருவரும் பிரிந்துவிட்டார்கள். மொரோடர் பெயர் தாங்கிய கார் ஒன்றே ஒன்றுதான், முதல் மாதிரி.

டிஸ்கோ செத்துப் போச்சே, இவர் மட்டும் எப்படித் தப்பிச்சார்?

1979 ஜூலை 12 அன்று சிகாகோவில் பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடி வைத்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்து, அடுத்த ஆட்டமே நடக்கவில்லை. கறுப்பர்கள் மீதும் ஓரினச் சேர்க்கையாளர்கள் மீதும் இருந்த வெறுப்பு அதில் கலந்திருந்தது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மொரோடருக்கு அதற்குள் வேறு கதவு திறந்திருந்தது. அந்த வருடம்தான் முதல் ஆஸ்கர். அதே வருடம் ஸ்பார்க்ஸ் என்ற ராக் சகோதரர்களுக்கு ‘நம்பர் ஒன் இன் ஹெவன்’ என்ற தொகுப்பை சிந்தசைசரை மையமாக வைத்துத் தயாரித்தார். பின்னால் வந்த பிரிட்டிஷ் சிந்த்-பாப் குழுக்களுக்கு அது ஒரு பாடம். டோனா சம்மரின் ‘பேட் கேர்ள்ஸ்’ தொகுப்பில் ராக் கிட்டாரை ஏற்கெனவே கலந்துவிட்டார். டிஸ்கோ என்ற பெயரை மட்டும் கழற்றி வைத்தார், தாளம் அப்படியே இருந்தது. பிறகு ‘நெவர் எண்டிங் ஸ்டோரி’ பாட்டு, லாஸ் ஏஞ்சலஸ், சியோல் ஒலிம்பிக்குகளுக்குப் பாட்டு, 1990 உலகக் கோப்பை கால்பந்துக்கு இத்தாலியப் பாட்டு என்று ஓடிக்கொண்டே இருந்தார்.

அப்புறம் 20 வருஷம் காணோமே? டாஃப்ட் பங்க் எப்படிக் கண்டுபிடிச்சாங்க?

1990களில் அவர் மெல்ல ஒதுங்கினார். நடுவில் ஒன்று, டோனா சம்மரோடு செய்த ‘கேரி ஆன்’ பாட்டுக்கு 1998இல் சிறந்த நடன இசைக்கான கிராமி கிடைத்தது, அந்தப் பிரிவில் கொடுத்த முதல் விருதே அதுதான். 2012 மே 17 அன்று டோனா சம்மர் இறந்தார்.

அடுத்த வருடம் டாஃப்ட் பங்க் என்ற பிரெஞ்சு எலக்ட்ரானிக் இரட்டையரின் ‘ராண்டம் ஆக்சஸ் மெமரீஸ்’ வந்தது. அவர்கள் மொரோடரிடம் இசை எதுவும் கேட்கவில்லை. மைக் முன்னால் உட்கார வைத்து வாழ்க்கையைச் சொல்லச் சொன்னார்கள். வெவ்வேறு காலத்தைச் சேர்ந்த மைக்குகளை வைத்து, அந்தந்தக் காலத்துக் கதைக்கு அந்தந்த மைக். ஒன்பது நிமிடப் பாட்டு, அவருடைய பேச்சைச் சுற்றியே கட்டியது. டிஸ்கோதேக்கில் வாசித்துவிட்டுக் காரிலேயே தூங்கிய இளமைக்காலம், எதிர்காலத்தின் ஓசையைத் தேடியது, இயந்திரத்தை அந்தத் துடிப்போடு பூட்டியது எல்லாம் அதில் வருகிறது. தொகுப்பு கிராமியில் வருடத்தின் சிறந்த தொகுப்பு ஆனது. எழுபது தாண்டியவர் டிஜேயாக மேடையேறினார், 2015இல் ‘தேஜா வூ’ என்ற புதுத் தொகுப்பு, 2019இல் ஐரோப்பாவில் இசைப் பயணம். புதுத் தொகுப்பு எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை, அந்த மேடைப் பதிவுகள் ஒட்டின.

வரி வேற ஆள், மெஷின் வேற ஆள், குரல் வேற ஆள். அப்போ இவர் என்னதான் செஞ்சார்?

கடினமான கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. மொரோடர் தன்னைப் பெரிய கீபோர்டு வாசிப்பாளர் என்று சொல்லிக்கொண்டதில்லை. வீடல் இல்லாமல் அந்த மூக் அவருக்கு வசப்பட்டிருக்காது. சம்மர் இல்லாமல் அந்தப் பாட்டுக்கு உயிர் இல்லை. ‘ஐ ஃபீல் லவ்’ எழுதியவர்கள் பட்டியலில் சம்மர், மொரோடர், பெல்லோட் மூவர் பெயரும் இருக்கிறது, வீடல் பெயர் இல்லை.

இரண்டாவது கேள்வியில் ப்ரொட்யூசர் வேலை பற்றிச் சொன்னது இங்கேதான் வருகிறது. 1977இல் மியூனிக்கில் அந்த மூக் எல்லாருக்கும் தெரிந்த பொருள்தான், ஷோனர் அதில் செவ்வியல் இசை செய்துகொண்டிருந்தார். டோனா சம்மரின் குரல் உலகத்துக்கே தெரியும். வயலினே வேண்டாம் என்று சொன்னவர், எதிரொலியை மறுபக்கம் வைத்தவர், நல்ல டிரம்மரைக் கூப்பிட்டு ஒற்றைக் காலுக்கு மட்டும் வேலை கொடுத்தவர் மொரோடர். இத்தனையையும் பாட்டு இன்னும் இல்லாதபோதே அவர் காது கேட்டுவிட்டது.

சந்தேகம் தீராவிட்டால் ஒன்று செய்யுங்கள். ‘ஐ ரிமெம்பர் யெஸ்டர்டே’ தொகுப்பைத் தொடக்கத்திலிருந்து வரிசையாகக் கேளுங்கள். பழைய காலத்து ஸ்விங், அறுபதுகளின் பெண்கள் குழுப் பாட்டு என்று இனிமையாகப் போகும். அவற்றிலும் அதே பாடகி, அதே டிரம்மர், அதே நிலவறை. கடைசியில் ‘ஐ ஃபீல் லவ்’ தொடங்கும்போது அறையின் காற்றே மாறும்.